அம்மா, அப்பாவோடு சதர்ன் பிரஞ்ச்: அட்லாண்டா பக்கம் எங்கே போகலாம்? அம்மா சுத்த சைவம்

மதுரைப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில் இருக்கிறேன். மார்ச் கடைசியில் அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். அமெரிக்கா வருவது இதுதான் முதல் தடவை. கோயில், மீன் காட்சியகம், இந்தியக் கடை எல்லாம் பட்டியல் போட்டாயிற்று. ஒன்று மட்டும் முடிவாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை நல்ல சதர்ன் பிரஞ்ச், அதாவது காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்து இந்தத் தென் மாநிலங்களின் பாணியில் முற்பகலில் சாப்பிடுவது, அதற்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2016இல் நான் இங்கே வந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, ஆபீஸில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி ஒரு ஞாயிறன்று சர்ச் முடிந்ததும் என்னைத் தன் குடும்பத்தோடு கூட்டிப்போனார். பழைய மரவீடு ஒன்றை உணவகமாக்கியிருந்தார்கள். திண்ணையில் ஆடும் நாற்காலிகள். உட்கார்ந்ததும் துணி போட்டு மூடிய கூடையில் ஆவி பறக்க பிஸ்கட் வந்தது. நம் ஊர் பிஸ்கட் இல்லை, பஞ்சுபோல இருக்கும் உப்பு ரொட்டி. அவருடைய அம்மா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்து, "இன்னும் ஒன்று எடுத்துக்கொள், ஹனி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரை விட்டு வந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிச் சாப்பிடச் சொல்லவில்லை. அந்த இடத்தைக் கொரோனா சமயத்தில் மூடிவிட்டார்கள்.

அதே மாதிரி ஓர் இடம் வேண்டும். அப்பா ரயில்வேயில் 34 வருடம் இருந்தவர், பழைய ஸ்டேஷன், பழைய மளிகைக் கடை என்று ஏதாவது அந்தக் காலத்துக் களையோடு இருந்தால் ரசிப்பார். கோழி, மீன் சாப்பிடுவார், மாடும் பன்றியும் தொடமாட்டார். அம்மா சைவம். முட்டை கேக்கில் கலந்திருந்தால் பரவாயில்லை, தனியாக வேண்டாம். போன வாரம் ஆன்லைனில் பார்த்ததில் தோட்டத்துப் பங்களா போல ஜோடித்த இடம் ஒன்று ரொம்ப அழகாக இருந்தது. அங்கே போகலாமா? அம்மா ஒரு கூடைப் பிஸ்கட்டோடு பசியில் எழுந்துவரக் கூடாது, அதுதான் என் கவலை.


கரோலினா குமரன்:

முதலில் எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் இடம் சொல்வார்கள்.

இந்தச் சமையலில் பன்றிக்கறி என்பது நமக்குப் பெருங்காயம் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். கொலார்டு கீரை, பச்சை பீன்ஸ், காராமணி மூன்றும் புகையில் வாட்டிய பன்றிக் கால் எலும்போடு மணிக்கணக்கில் வெந்திருக்கும். கார்ன்பிரெட் என்ற மக்காச்சோள ரொட்டி சுடும் சட்டியில் பேக்கன், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறியின் கொழுப்பைத் தடவியிருப்பார்கள். சில இடங்களில் பிஸ்கட்டிலேயே பன்றிக்கொழுப்பு போகும். கிரிட்ஸ் என்ற மக்காச்சோளக் கஞ்சியைக் கோழிச் சாற்றில் வேகவைக்கும் இடங்களும் உண்டு. வறுவல் எல்லாம் பெரும்பாலும் கோழி பொரித்த அதே எண்ணெயில்தான்.

அப்பாவும் கவனிக்க வேண்டும். இறாலும் கிரிட்ஸும் கேட்டால் மேலே பேக்கன் தூவித்தான் வரும். அது கரோலினா கடலோர மீனவர்களின் காலைச் சாப்பாடு. சாப்பல் ஹில்லில் குரூக்ஸ் கார்னர் என்ற உணவகத்தில் பில் நீல் சமைத்ததைப் பற்றி 1985இல் நியூயார்க் டைம்ஸில் வந்த பிறகுதான் நாடு முழுக்கப் பரவியது. அவருடைய செய்முறையிலேயே பேக்கன் உண்டு. அது இல்லாமல் செய்து தரச் சொன்னால் செய்வார்கள், ஆனால் முதலிலேயே சொல்ல வேண்டும். கவலையில்லாமல் சாப்பிட வேண்டும் என்றால் அப்பாவுக்குக் கோழியும் வாஃபிளும் வாங்கிக் கொடுங்கள்.


வேணி, பர்மிங்ஹாம், அலபாமா:

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாளாக யோசித்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் 1999இல் இங்கே வந்தேன். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. மாமியார் அம்பாசமுத்திரம், வெங்காயம்கூட அமாவாசையன்று சேர்க்காதவர். 2003இல் அவர் முதல் தடவை வந்தபோது, ஊரில் எல்லோரும் புகழும் ஓர் உணவகத்துக்கு ஆசையாகக் கூட்டிப்போனேன். பலகையில் 'வெஜிடபிள் பிளேட்' என்று எழுதியிருந்தது. நான்கு காய் எடுத்துக்கொள்ளலாம். காய் என்றுதானே போட்டிருக்கிறது என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. (இங்கே மக்ரோனியும் சீஸும்கூடக் காய்களோடுதான் சேர்த்தி.) மாமியார் கீரையை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ருசியாக இருக்கிறதே, என்ன போட்டுக் கடைந்திருக்கிறார்கள்?" என்றார். பரிமாறிய பெண்ணைக் கேட்டேன். அவள் சந்தோஷமாகச் சொன்னாள், பன்றிக் கால் என்று. நான் மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே மாமியாருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்பும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், 'சைவம்' என்ற ஒரு சொல்லை நம்பாதே. அந்தச் சொல்லுக்கு இங்கே ஆளுக்கொரு அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உட்கார்ந்துகொண்டு கேட்பதும் பயனில்லை, அன்று அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. செவ்வாய் அல்லது புதன், மதியக் கூட்டம் அடங்கிய பிறகு மூன்று மணி வாக்கில் போன் செய். சமையலறையில் இருப்பவரோடு பேச வேண்டும் என்று கேள். கறி, பேக்கன் கொழுப்பு, பன்றிக்கொழுப்பு, கோழிச் சாறு நான்கும் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொல். அம்மா முதல் தடவை வருகிறார் என்றும் சொல். இந்த ஊர்க்காரர்களுக்கு அம்மா என்ற ஒரு வார்த்தை போதும்.

இப்படித்தான் 2007இல், மாமியார் இரண்டாம் தடவை வந்தபோது செய்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு சிற்றூர். அங்கே கைவிட்ட ரயில் நிலையம் ஒன்றை உணவகமாக்கியிருந்தார்கள். டிக்கெட் கொடுக்கும் கம்பிச் சன்னலில் பில் கட்ட வேண்டும். சுவரில் கையால் எழுதிய பழைய ரயில் நேரப் பலகை. சாமான் நிறுக்கும் தராசின் மேல் ஜாம் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மேஜைகள் பிளாட்பாரத்தின் ஓரத்தில். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள், அந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. மாமியார் உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏன் ரயில் வரவில்லை?"

நான் போனில் பேசியது சமையல்காரம்மாவிடம். எழுபது வயதுக்குக் குறையாத கறுப்பினப் பெண்மணி. கை முழுக்க மாவோடு அவரே வெளியே வந்து மாமியாரின் எதிரில் உட்கார்ந்தார். "உங்களுக்கென்று புது இரும்புச் சட்டி எடுத்தேன், அதில் இதுவரை கறி படவில்லை" என்றார். கீரையை வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், கடைசியில் கொஞ்சம் வினிகர் விட்டு வதக்கியிருந்தார். வெண்டைக்காயைச் சிறு வட்டமாக நறுக்கி, மக்காச்சோள மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்திருந்தார். வழவழப்பே இல்லை. மாமியார் அதை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அன்று அமாவாசை இல்லை, வெங்காயத்துக்கும் தடையில்லை.

அப்புறம் அந்த அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. வெண்டைக்காயும் காராமணியும் தன் பாட்டியின் தோட்டத்திலிருந்து வந்த விதை, அந்தப் பாட்டியின் முன்னோர்கள் கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன். மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் வீட்டுக் கொல்லையிலும் இரண்டும் உண்டு" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தக் கடை இப்போது இல்லை. ஆனால் நீ பங்களா போல ஜோடித்த இடத்துக்குப் போகலாமா என்று கேட்டாயே, அதற்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைத் தூண், மெழுகுவர்த்தி, பட்டுத் திரை என்று பழைய பருத்தித் தோட்ட முதலாளியின் வீட்டை அழகாகக் காட்டும் இடத்தில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அந்த வீட்டின் சமையலறையில் நின்றவர்கள் யார், அவர்களுக்குக் கூலி என்ன என்று யோசித்தால் போதும். நாம் ஆசைப்பட்டுச் சாப்பிடும் இந்தச் சாப்பாட்டில் பெரும்பங்கு அவர்கள் கையில் உருவானது. கம்போ என்ற குழம்பின் பெயரே வெண்டைக்காய்க்கு ஆப்பிரிக்க பாண்டு மொழிகளில் உள்ள பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். தென்கரோலினா கடலோரத்தில் நெல் விளைந்ததும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் கைவேலையால்தான்.

எட்னா லூயிஸ் என்ற சமையல் மேதையைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1916இல் வர்ஜீனியாவில் ஃப்ரீடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். விடுதலை பெற்ற அடிமைகள் சேர்ந்து அமைத்த ஊர் அது, அவருடைய தாத்தாவும் அவர்களில் ஒருவர். பிஸ்கட்டுக்கு வேண்டிய பேக்கிங் பவுடரைக்கூடக் கடையில் வாங்காமல் தானே கலந்துகொள்வார், கடைத் தூளில் உலோக வாடை வருகிறது என்று. கடைசிக் காலத்தில் உங்கள் அட்லாண்டாவை ஒட்டிய டிகேட்டரில்தான் இருந்தார், 2006இல் அங்கேயே இறந்தார். 2014இல் அவர் படம் போட்ட தபால் தலை வந்தது. ஒன்றை வாங்கி என் சமையலறையில் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

சரி, இடத்துக்கு வருகிறேன். அப்பா ரயில்வேக்காரர் என்றாய் அல்லவா, அவரை ஜூலியட்டுக்குக் கூட்டிப்போ. மேக்கனுக்கு வடக்கே ஆக்மல்கி ஆற்றங்கரையில் இருக்கும் குட்டி ஊர். ஃபேனி ஃபிளாக்கின் நாவலை வைத்து எடுத்து 1991இல் வந்த 'ஃப்ரைடு கிரீன் டொமேட்டோஸ்' படத்தை அங்கேதான் எடுத்தார்கள். படத்துக்காக ஒரு பழைய கடையை விசில் ஸ்டாப் கஃபே என்று மாற்றினார்கள். படப்பிடிப்பு முடிந்தபின் அது நிஜமாகவே உணவகமாகிவிட்டது. படத்தில் பார்த்த அதே கடைமுகப்பு, எதிரிலேயே தண்டவாளம், இன்றும் சரக்கு ரயில் போகிறது. காலை பதினொரு மணிக்குப் போய் உட்கார்ந்தால் அதுதான் உங்கள் பிரஞ்ச். பச்சைத் தக்காளி வறுவல்தான் அங்கே பேர்போனது: பழுக்காத தக்காளியை வில்லையாக வெட்டி மாவில் புரட்டிப் பொரிப்பது. புளிப்பும் மொறுமொறுப்புமாக நாக்கு கேட்டுக்கொண்டே இருக்கும். எண்ணெய் தனியா என்று அம்மாவுக்காகப் போனில் கேட்டுவிடு.

கதைக்கு மூலமான கடை எங்கள் பக்கம், பர்மிங்ஹாமை ஒட்டிய அயர்ன்டேலில் இருக்கிறது. ஃபேனி ஃபிளாக்குக்குப் பாட்டி முறையில் ஒருவர் நடத்திய கடை. அதுவும் தண்டவாளத்தைப் பார்த்தபடிதான். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் சொல்.

ஊருக்குள்ளேயே வேண்டும் என்றால் பான்ஸ் டி லியோன் சாலையில் மேரி மேக்ஸ் டீ ரூம், 1945இலிருந்து இருக்கிறது. முதல் தடவை வருகிறோம் என்று சொன்னால் கீரை வெந்த சாற்றை ஒரு கிண்ணத்தில் கார்ன்பிரெட்டோடு இலவசமாகக் கொடுப்பது அங்கே வழக்கம். அந்தச் சாற்றை அம்மாவிடம் கொடுத்துவிடாதே, கேட்காமல் கொடுக்கவே கொடுக்காதே. கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் நாஷ்வில் பக்கம் லவ்லெஸ் கஃபே. 1951இல் ஒரு தம்பதி தங்கள் வீட்டு வாசலிலேயே வழிப்போக்கர்களுக்குக் கோழியும் பிஸ்கட்டும் விற்க ஆரம்பித்தது, பிறகு சாலையோர விடுதியாக வளர்ந்தது. விடுதி போய்விட்டது, அந்த நியான் பலகை இன்னும் எரிகிறது.

எந்த இடமானாலும் ஒன்றைப் பார். உட்கார்ந்து பத்து நிமிடத்தில் பிஸ்கட் சூடாக வருகிறதா? பிட்டால் அடுக்கு அடுக்காகப் பிரிகிறதா? அலங்காரம் எப்படி இருந்தாலும் சரி, பிஸ்கட் ஆறிப்போய் வந்தால் அந்தச் சமையலறையில் அக்கறை இல்லை என்று அர்த்தம். இங்கே விளையும் குளிர்காலக் கோதுமை மென்மையானது, பசைத்தன்மை குறைவு, அதனால்தான் பிஸ்கட் வாயில் கரைகிறது. நாக்ஸ்வில்லில் 1883இல் தொடங்கிய வைட் லில்லி மாவைத்தான் என் பக்கத்து வீட்டுப் பாட்டி வாங்குவார், எனக்கும் பழக்கிவிட்டார்.

அம்மாவுக்குக் கிரிட்ஸ் கட்டாயம் வாங்கிக் கொடு, தண்ணீரிலோ பாலிலோ வெந்தது என்று உறுதி செய்துகொண்டு. மக்காச்சோளத்தை உடைத்துக் குழைய வேகவைத்தது, நம் வெண்பொங்கல் பதம். கல் இயந்திரத்தில் அரைத்ததாக இருந்தால் வேகவே முக்கால் மணி நேரம் ஆகும், அந்த ருசியே வேறு. வெண்ணெயும் உப்பும் மிளகும் போதும். உங்கள் ஜார்ஜியா 2002இல் அதை மாநில உணவாகவே அறிவித்திருக்கிறது.


ராயல் தெரு:

வேணி அக்கா எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஆனாலும் நியூ ஆர்லியன்ஸை விட்டுவிட்டு பிரஞ்ச் பற்றிப் பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உங்களிடமிருந்து காரில் ஏழு மணி நேரம். நீண்ட வார இறுதி கிடைத்தால் வாருங்கள்.

இந்த ஊரில் பிரஞ்சுக்கு ஆரம்பமே உழைப்பாளிகளின் பசிதான். பிரெஞ்சு மார்க்கெட்டில் விடியும் முன்பே வேலையைத் தொடங்கும் கசாப்புக்காரர்கள் பதினொரு மணிக்குள் முடித்துவிட்டுப் பசியோடு வருவார்கள். 19ஆம் நூற்றாண்டில் மேடம் பெகே என்ற ஜெர்மானியப் பெண்மணி அவர்களுக்கு 'இரண்டாம் காலை உணவு' என்று பல சுற்றுகளாகப் பரிமாறினார். பிறகு வெளியூர்க்காரர்களும் அதற்காகவே வர ஆரம்பித்தார்கள்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு நான் சொல்வது ராயல் தெருவில் கோர்ட் ஆஃப் டூ சிஸ்டர்ஸ். பெரிய திறந்த முற்றம், மேலே விஸ்டீரியா கொடி படர்ந்திருக்கும், ஒரு ஓரத்தில் ஜாஸ் வாசிப்பார்கள். எம்மா, பெர்த்தா என்று இரண்டு சகோதரிகள் 1886இல் அங்கே துணிமணி, லேஸ், வாசனைத் திரவியம் விற்கும் கடை வைத்திருந்தார்கள். கடைசிவரை பிரியாமல் இருந்து 1944இல் இரண்டே மாத இடைவெளியில் இறந்தார்கள். பஃபே என்பதால் அம்மா ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கேட்டு எடுத்துக்கொள்ளலாம். நான் என் அத்தையைக் கூட்டிப்போனபோது அவர் சாப்பிட்டது பாதி, பாட்டுக் கேட்டது பாதி.

கமாண்டர்ஸ் பேலஸும் உண்டு, 1893இலிருந்து. ஜாஸ் பிரஞ்சை ஊரறியச் செய்தவர்கள் அவர்கள்தான். அரைக்கால் சட்டையோடு போக முடியாது, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். செயின்ட் சார்ல்ஸ் டிராமில் போய் வாஷிங்டன் அவென்யூவில் இறங்கி நடந்துவிடலாம். 1835இலிருந்து ஓடும் தடம், ரயில்வேக்காரருக்கு அதுவே ஒரு விருந்து.

இன்னொன்று, எங்காவது காலா என்று பார்த்தால் அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள். சோற்றை மாவோடு பிசைந்து எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய உருண்டை. முட்டை கலந்திருக்கும், உங்கள் அம்மாவுக்குப் பரவாயில்லை என்றீர்கள். ஒரு காலத்தில் கறுப்பினப் பெண்கள் கூடையைத் தலையில் வைத்து, சுடச்சுட காலா என்று தெருவில் கூவி விற்றது. என் அத்தை ஒன்றைக் கடித்துவிட்டு, "இது நம்ம ஊர்ப் பணியாரத்தின் அக்கா" என்றார்.


மதுரைப் பொண்ணு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வேணி அக்கா, உங்கள் மாமியார் கதையை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். பங்களா இடத்தை விட்டுவிட்டேன். போன் செய்யப் போகிறேன். இன்னும் ஒரு கேள்வி, ஞாயிறு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது?


வேணி, பர்மிங்ஹாம், அலபாமா:

பத்தரைக்குள் உட்கார்ந்துவிடு. பன்னிரண்டுக்குச் சர்ச் விட்டதும் மொத்த ஊரும் வரும். ஈஸ்டரும் அன்னையர் தினமும் வேண்டவே வேண்டாம்.


மதுரைப் பொண்ணு:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். போய்வந்தோம்.

மூன்று இடத்துக்குப் போன் செய்தேன். ஓர் இடத்தில் பொறுமையில்லாமல் வைத்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் எல்லாவற்றிலும் பேக்கன் இருக்கிறது என்று நேர்மையாகச் சொன்னார்கள். மூன்றாவது, வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில், பழைய மளிகைக் கடையை அப்படியே வைத்து ஒரு தாயும் மகனும் நடத்தும் இடம். சின்னக் கடை, பெயரைப் பொதுவில் போடவில்லை, கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். மகன்தான் சமையல். நான் சொன்ன நான்கையும் எழுதிக்கொண்டு, திரும்பப் படித்தும் காட்டினார்.

கம்பிவலைக் கதவு, திறந்தால் மணி அடிக்கும். அலமாரியில் பழைய பேக்கிங் பவுடர் டப்பாக்கள், விளக்கெண்ணெய்ப் பாட்டில், கண்ணாடிச் சாடிகளில் மிட்டாய். கல்லாப்பெட்டி பித்தளை. அப்பா முதலில் போய் நின்றது தராசுக்கு முன்னால். அவருடைய சித்தப்பா கீழமாசி வீதியில் கடை வைத்திருந்தார், அங்கே இருந்ததும் இதே மாதிரித் தராசு என்றார். அந்தக் கடைக்காரம்மா அதில் ஓர் ஆப்பிளை வைத்து நிறுத்துக் காட்டினார். அப்பா மதுரைத் தமிழிலும் அவர் ஜார்ஜியா ஆங்கிலத்திலும் பத்து நிமிடம் பேசினார்கள். நான் நடுவில் போகவே இல்லை.

அம்மாவுக்கு வெண்ணெய் போட்ட பிஸ்கட், பீச் ஜாம், தண்ணீரில் வெந்த கிரிட்ஸ், தனி வாணலியில் பொரித்த வெண்டைக்காயும் பச்சைத் தக்காளியும், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. முதலில் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பச்சைத் தக்காளியைச் சாப்பிட்டதும் நிமிர்ந்து, "இதைக் கூட்டில் போடுவோம், இப்படிச் செய்யலாம் என்று தெரியாமல் போயிற்றே" என்றார். ஸ்வீட் டீ மட்டும் பிடிக்கவில்லை, பாயசத்தைத் தண்ணீர் விட்டுக் கொடுத்தது போல இருக்கிறதாம். கூடை காலியானதும் கேட்காமலே இன்னொரு கூடை வந்தது. பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டே வருவார்களே, அதே மாதிரி. கிளம்பும்போது அந்த அம்மா என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அப்புறம் அவரும் கட்டிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்காக ஜூலியட் போனோம். அம்மா வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார். ரயில் வருமா என்று தெரியாமல்தான் போனோம், வந்தது. அப்பா சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே போய் நின்று 112 பெட்டி எண்ணினார்.

வேணி அக்கா, அம்மா ஊருக்குப் போய் அந்தப் பிஸ்கட்டைச் செய்ய வேண்டும் என்கிறார். வைட் லில்லி அங்கே கிடைக்காது. மதுரையில் மைதாவை வைத்துச் செய்ய முடியுமா? வீட்டில் சின்ன ஓடிஜி அடுப்பு இருக்கிறது.


வேணி, பர்மிங்ஹாம், அலபாமா:

தங்கச்சி, படித்துவிட்டு என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த 112ஐ அவர் இரண்டு தடவை படித்தார்.

மைதா போதும். இரண்டு கப் மைதாவுக்கு மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு. நான்கில் ஒரு பங்கு கப் வெண்ணெய், கல் மாதிரிக் குளிர்ந்திருக்க வேண்டும். மதுரை வெயிலில் மாவையும் பாத்திரத்தையும்கூட அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல். வெண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்த்து, பட்டாணி அளவில் கட்டிகள் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். கெட்டி மோர் முக்கால் கப், லேசாகப் புளித்தது. சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசையக் கூடாது, கையில் ஒட்டினால் ஒட்டட்டும். தட்டி, மூன்று தடவை மடித்து, ஒரு அங்குலக் கனத்தில் விட்டுவிட வேண்டும்.

டம்ளரால் வட்டமாக வெட்டும்போது நேராக அழுத்தி நேராக எடுக்கச் சொல். திருகினால் ஓரம் ஒட்டிக்கொள்ளும், மேலே எழும்பாது. ஒன்றையொன்று தொட்டபடி தட்டில் அடுக்கி, ஏற்கெனவே நன்றாகச் சூடேறிய அடுப்பில் 230 டிகிரி செல்சியஸில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். முதல் தடவை சரியாக வராவிட்டால் எனக்கு போட்டோ அனுப்பச் சொல், எங்கே பிசகியது என்று பார்த்துச் சொல்கிறேன்.